மலிவான கருவியும் தெய்வத் திருவுருவும்

தெய்வ உருவத்தின் மதிப்பு அது செய்யப்பட்ட பொருளின் விலையைப் பொறுத்ததா என்ற கேள்வி, கோயில் ஊர்களைவிட அச்சு ஊர்களில்தான் கூர்மையாக எழுகிறது. திருத்தங்கல் இரண்டுமாக இருக்கும் ஊர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இங்கே, தங்காலகிரிக் குன்றில் நின்ற நாராயணப் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிறார். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம் இது. திருமகள் வந்து தங்கித் தவம் செய்ததால் ஊருக்குத் திருத்தங்கல் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. 2021இல் இந்த ஊர் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்தது. குன்றின் மேல் ஒரே ஒரு பெருமாள். சுற்று வட்டாரத்து அச்சகங்களிலோ பெருமாளும் முருகனும் லட்சுமியும் தாள் தாளாக வெளிவருகிறார்கள்.

இப்போது அந்த அச்சகங்களையும் கடந்து ஒரு வழி வந்திருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கோ ஆடிப்பூரத்துக்கோ ஒரு வாழ்த்துப் படம் வேண்டுமென்றால், கைப்பேசியில் செலவில்லாமல் சில நிமிடங்களில் செய்துவிடலாம். கோயில் விழாக் குழுவினரும் பட்டாசுக் கடைக்காரரும் வீட்டிலிருக்கும் பாட்டியும் செய்கிறார்கள். எந்தச் செயலி மலிவு, எது எளிது என்ற பேச்சு எல்லா இடத்திலும் நடக்கிறது. உருவாக்கப்படுவது தெய்வத்தின் படம் என்றால் அந்தப் பேச்சு விலையோடு முடிவதில்லை. தெய்வத்தை எதில் செய்யலாம், எப்படிச் செய்யலாம், செய்த பின் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகள் அதனுள் இருக்கின்றன. மூன்றுக்கும் இந்த மரபில் பழைய விடைகள் உண்டு.

முதல் கேள்விக்கான விடை மிகத் தாராளமானது. பாகவத புராணத்தின் பதினோராம் கந்தத்தில் கண்ணன் உத்தவருக்குப் பூசை முறையைச் சொல்லும்போது எட்டு வகைத் திருவுருவங்களைக் கூறுகிறான்: கல், மரம், உலோகம், மண்ணும் சந்தனமும் போன்ற சாந்து, தீட்டிய ஓவியம், மணல், மனத்தில் அமைத்தது, மணி. இந்த வரிசையில் விலை ஒரு பொருட்டாகவே இல்லை. மணியும் மணலும் ஒரே பட்டியலில் வருகின்றன. ஒரு காசும் செலவாகாத மன உருவத்துக்கும் அங்கே இடமிருக்கிறது. ஓவியம் எட்டில் ஒன்றாகச் சம உரிமையோடு நிற்கிறது. அங்கேயே ஒரு சிறு நடைமுறைக் குறிப்பும் உண்டு. மண்ணாலும் வண்ணத்தாலும் ஆன உருவங்களுக்கு நீராட்டு இல்லை, துடைத்தால் போதும். திருவரங்கத்து மூலவர் சுதை உருவம் என்பதால் அவருக்குத் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்பு மட்டுமே. பொருள் மாறும்போது உபசாரம் மாறுகிறது, தெய்வம் மாறுவதில்லை என்பதுதான் இந்த விதியின் உட்பொருள்.

பிடித்து வைத்தால் பிள்ளையார் என்று ஊரில் சொல்வதும் இதே கொள்கைதான். ஒரு பிடி மஞ்சளும் ஓர் அருகம்புல்லும் இருந்தால் கல்யாணமோ கிரகப்பிரவேசமோ தொடங்கிவிடும். தமிழ் வீடுகளில் மிகப் பெரிய காரியங்களுக்கு முதலில் அழைக்கப்படும் தெய்வ உருவம், மிக மலிவான உருவம்.

சிற்ப நூல்கள் சற்று வேறு தொனியில் பேசுவதையும் மறைக்க வேண்டியதில்லை. முழு உருவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்பாகச் செதுக்கியதை அர்த்த சித்திரம் என்றும், சுவரிலோ துணியிலோ தீட்டியதைச் சித்திராபாசம் என்றும் அவை வகுக்கின்றன. ஆபாசம் என்ற சொல்லுக்கு இங்கே சாயல், தோற்றம் என்று பொருள். ஓவியம் உருவத்தின் சாயல் மட்டுமே என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆனால் அது பருமன் பற்றிய பாகுபாடு. புனிதத்தின் தரவரிசையாக அதைப் படிக்க முடியாது.

இந்தத் தாராளம் ஏட்டளவில் நில்லாமல் வீடு வீடாகப் போனது அச்சின் வழியாகத்தான். ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் கல்லச்சுக்கூடம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணத்தில் அச்சிட்டு விற்கத் தொடங்கினார். சிவகாசியின் கதை வேறு வாசல் வழியாகத் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. ஒரு வண்ணத்துக்கு ஒரு கல் என்று லித்தோ கற்களில் அடித்த காலம் போய், ஆஃப்செட் பிளேட்டுகள் வந்தன. லேபிளில் இருந்த தெய்வம் காலண்டருக்கு இடம் மாறியது. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது இன்றும் சிவகாசியின் வழக்கம். பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மக்கா பள்ளிவாசலும் அந்த ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பார்கள்.

மலிவான படம் என்ன செய்தது என்பதை இந்த வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துத்தான் எடைபோட முடியும். சிவகாசியில் நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டிய பகை முற்றி, 1899 ஜூன் மாதம் ஊரே சூறையாடப்பட்டது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரும் நாடார்களும் முதன்முதலாக நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதுவரை கொடிமரத்தைத் தாண்ட முடியாமலும், பலர் கோபுர வாசலைக்கூட நெருங்க முடியாமலும் நின்றார்கள். அப்படி நின்றவர்களின் வீட்டுச் சுவருக்கு, யாருடைய அனுமதியும் கேட்காமல் தெய்வம் வந்து சேர்ந்தது காகிதத்தின் மேல்தான். அந்தக் காகிதத்தை அச்சடிக்கும் தொழிலைப் பின்னாளில் இந்த நாட்டிலேயே பெரிதாக வளர்த்ததும் அதே சிவகாசிதான். மலிவு என்ற சொல்லை இகழ்ச்சியாகச் சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைணவ மரபின் ஒரு நூல் உருவத்தின் பொருளையும் மனிதனின் பிறப்பையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் அடியார்களுக்குச் செய்யும் குற்றங்களைப் பற்றிச் சொல்லும்போது, வழிபாட்டுத் திருவுருவமான அர்ச்சாவதாரம் எந்தப் பொருளால் ஆனது என்று ஆராய்வதைக் கொடிய குற்றமாகக் கொண்டு, ஓர் அடியாரின் பிறப்பை ஆராய்வது அதைவிடவும் கொடியது என்கிறார். கோயிலில் இருக்கும் உருவத்தைக் கல், செம்பு என்று பார்ப்பதும், வாசலில் நிற்கும் மனிதனை இன்ன குலம் என்று பார்ப்பதும் அவருக்கு ஒரே இனத்துப் பிழைகள். பொருளைப் பார்க்கும் கண்ணும் பிறப்பைப் பார்க்கும் கண்ணும் ஒன்றுதான். இந்தப் பகுதியைப் படித்தவர்கள் 1899இலும் இருந்திருப்பார்கள் என்பதுதான் வேதனை.

வால்ட்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மானியச் சிந்தனையாளர் 1936இல் வெளியான கட்டுரை ஒன்றில், இயந்திரத்தால் பல்லாயிரம் படிகள் எடுக்கப்படும்போது மூலக் கலைப்படைப்பைச் சூழ்ந்திருக்கும் ஒளிவட்டம் மங்கிவிடுகிறது என்றார். ஐரோப்பிய ஓவியங்களுக்கு அது பொருந்தலாம். காலண்டர் தெய்வத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே மூல ஓவியத்தை யாரும் பூசித்ததில்லை; அது அச்சகத்துக்கு அனுப்பப்பட்ட வேலைப்பொருள். சந்தனமும் குங்குமமும் இடப்பட்டது படிக்குத்தான். வீட்டுக்கு வந்து, துடைத்து, பொட்டிட்டு, விளக்கேற்றிய பிறகே அந்தக் காகிதம் தெய்வமாகிறது. ஆகவே ஒளி மூலத்திலிருந்து படிக்குக் குறைந்து வரவில்லை, படியில் புதிதாகத் தொடங்குகிறது. கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா கிறிஸ்தவப் பேரவையும் ஏறத்தாழ இதற்கு அருகில்தான் வந்தது: படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் நிற்காமல் படத்தில் இருப்பவரைச் சேர்கிறது என்று அது முடிவு செய்தது. உருவத்தையே மறுத்த சிவவாக்கியரின் குரலும் தமிழுக்குள் உண்டு. அவருடைய மறுப்பு தங்கச் சிலைக்கும் காகிதத்துக்கும் ஒரே அளவில் பொருந்துவது. மலிவைப் பழிப்பவர்கள் அவரைத் துணைக்கு அழைக்க முடியாது.

இரண்டாம் கேள்வியில் மரபு அவ்வளவு தாராளமாக இல்லை. எதில் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் எப்படி வேண்டுமானாலும் செய்ய முடியாது. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் இருக்கிறது. கைகள் எத்தனை, எந்தக் கையில் என்ன, நிற்கிறாரா அமர்ந்தாரா, நிறம் என்ன என்பதையெல்லாம் அது சொல்லும். திருமாலுக்கும் சிவனுக்கும் உரிய உத்தம தசதாள அளவில் உருவத்தின் உயரம் 124 அங்குலக் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்தபதி முதலில் சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, அங்கே உருவம் தெளிந்த பிறகே உளியை எடுக்கிறார். எட்டு வகைகளில் மனோமயமும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதை இந்த இடத்தில் மீண்டும் நினைக்கலாம். மற்ற ஏழு வகைகளுக்கும் அது வழியிலேயே இருக்கிறது.

காலண்டர் ஓவியர்களும் இதைத் தங்கள் வழியில் காத்தார்கள். சென்னையில் கலைப்பள்ளியில் பயின்று, சில காலம் ரமணர் ஆசிரமத்தில் இருந்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டைய ராஜுவின் (1898–1976) படங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காத வீடு குறைவு. மு. ராமலிங்கம், டி. எஸ். சுப்பையா முதலிய அவருடைய மாணவர்கள் அதே மரபில் சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்தார்கள். திரைச்சீலையின் அரண்மனைத் தூண்களும் நடிகையரின் முகச்சாயலும் அந்தப் படங்களில் உண்டு என்று விமர்சிக்கலாம். கைகளின் எண்ணிக்கையில் அவர்கள் தவறவில்லை. அச்சுக்குப் போகும் முன் படத்தை ஒருவர் பார்த்தார், அச்சகத்தார் பார்த்தார், வாங்குபவரும் ஆல்பத்தில் பார்த்தார். மலிவான பொருளுக்குப் பின்னால் விலைமதிப்புள்ள கவனம் இருந்தது.

கைப்பேசிக் கருவிகளைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது: அந்தக் கவனத்துக்கு எந்தக் கருவி இடம் விடுகிறது?

கருவிகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, இருக்கும் புகைப்படத்தை ஆயத்த வடிவமைப்பில் பொருத்தி எழுத்துச் சேர்ப்பவை. 2013இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கேன்வா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இலவசப் பகுதியே பெரும்பாலான வாழ்த்துப் படங்களுக்குப் போதும். இரண்டாவது, துணுக்குக் காட்சிகளை வெட்டி ஒட்டி இசை சேர்க்கும் கைன்மாஸ்டர், இன்ஷாட் போன்றவை. இலவசமாகப் பயன்படுத்தினால் இவை காட்சியின் மேல் தங்கள் பெயர் முத்திரையைப் பதிக்கும். மூன்றாவது, எழுதிக் கேட்டால் புதிய படத்தையே உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். கணினி வைத்திருப்பவர்களுக்குக் கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. இவற்றுக்குக் கட்டணமும் இல்லை, முத்திரையும் இல்லை. விலைக்கு வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்த நகலில் பெருமாள் படம் செய்வதைவிட இவற்றில் ஒன்றைக் கற்றுக்கொள்வது நேர்மை. வழிப்பறி செய்து தொண்டு செய்த திருமங்கையாழ்வாரை யாராவது எடுத்துக்காட்டலாம். வரலாறு சொல்வது, அவர் வழிமறித்தவன் பெருமாளே என்பது. அது ஒருவருக்கு நடந்த அருள், எல்லாருக்குமான வழிமுறை அல்ல.

மூன்றாம் வகைக் கருவிதான் சிக்கலானது. அது எண்ணற்ற படங்களையும் அவற்றோடு உள்ள குறிப்புகளையும் பார்த்துப் பழகி, புள்ளிக் குவியலாகத் தொடங்கும் ஒரு பரப்பைப் படிப்படியாகத் தெளிவாக்கி, கேட்டதற்குப் பெரும்பாலும் பொருந்தும் உருவத்தை எட்டுகிறது. அதனிடம் சுலோகம் இல்லை. இருப்பது வழக்கத்தின் சராசரி. கல்யாணக் காட்சிக்கோ தீபாவளி விளக்குக்கோ சராசரி போதும். திருவுருவத்துக்குப் போதாது. திருத்தங்கல் கருடாழ்வார் நான்கு கைகளோடு இருப்பவர்; முன்கைகள் கூப்பியிருக்க, பின்கைகளில் அமுத கலசமும் பாம்பும் உண்டு. கருடன் என்று மட்டும் கேட்டால் கருவி கொண்டுவருவது பெரும்பாலான ஊர்களில் இருக்கும் இரண்டு கைக் கருடனைத்தான். இந்த ஊரின் கருடனுக்கு எது தனித்தன்மையோ அதையே அது பிழைபோல நீக்கிவிடும். தமிழ்நாட்டுக் கோயில்களில் ஒவ்வொரு மூர்த்திக்கும் இப்படி ஒரு தனித்தன்மை உண்டு. சங்கு இருக்கும் கை, சாய்ந்த இடுப்பு, எந்தப் பக்கத்தில் எந்தத் தாயார் என்பவை அலங்காரங்கள் அல்ல. அந்த ஊரில் அந்தப் பெருமாள் எழுந்தருளிய கதையே அவைதான். விரல்கள் ஆறாவதும் தமிழ் எழுத்துகள் சிதைவதும் கண்ணுக்குத் தெரியும் பிழைகள், திருத்திவிடலாம். சராசரியாக்கல் கண்ணுக்குத் தெரியாத பிழை.

அந்தக் கருவியை நாடவைக்கும் ஒரு காரணமும் உண்டு. மூலவரைப் படமெடுப்பது கோயில் மரபில் ஏற்கப்படுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க ஆணையிட்டது. கருவறைப் படம் கிடைக்காத இடத்தைக் கருவியின் கற்பனையால் நிரப்பத் தோன்றும். அந்த வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதே மேல். மூலவர் போய்ப் பார்க்க வேண்டியவர். வெளியே வந்து தம்மைக் காட்டிக்கொள்பவர் உற்சவர். வீதியுலாவின்போது எடுத்த உற்சவர் படமும், குன்றின் தோற்றமும், கோபுரமும், கோலமும் முதல் வகைக் கருவியில் சேர்ந்தால் நல்ல வாழ்த்துப் படம் கிடைத்துவிடும். புதிதாக உருவாக்கித் தரும் கருவியைப் பின்னணிக்கோ பூவேலைக்கோ பயன்படுத்துவதில் தவறில்லை. திருவுருவத்துக்கும் அதையே நாட வேண்டியிருந்தால், தியான சுலோகம் தெரிந்த பட்டர் ஒருவரிடமோ ஸ்தபதியிடமோ காட்டிய பிறகு அனுப்பலாம். அனுப்பும் முன் பார்ப்பதைத்தான் பழைய அச்சகமும் செய்தது.

காட்சித் துணுக்கில் இன்னொரு எல்லை வருகிறது. அசையாப் படத்தை அசைய வைத்து, வாயைத் திறந்து பேச வைக்கும் கருவிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. முருகன் வாழ்த்துச் சொல்கிறான். அம்மன் கண் சிமிட்டி ஆசி தருகிறாள். அன்போடு செய்பவர்கள்தான் பலரும். ஆனாலும் வைணவ மரபில் அர்ச்சா சமாதி என்ற ஒரு கருத்து உண்டு. எல்லாம் வல்லவன், அர்ச்சை உருவில் இருக்கும்போது பேசுவதில்லை, அசைவதில்லை என்ற மௌனத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கிறான். அடியார் நீராட்டினால் நீராடி, உடுத்தினால் உடுத்தி, கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிறான். அந்த எளிமையைத்தான் ஆசாரியர்கள் அவனுடைய குணங்களில் உச்சமாகப் போற்றினார்கள். காஞ்சியில் வரதராசர் திருக்கச்சி நம்பியோடு பேசினார், அவர் வழியாக ராமானுஜருக்கு ஆறு வார்த்தைகள் அருளினார் என்பது நூற்றாண்டுகளாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், அது மௌனம் கலைந்த அரிய தருணம் என்பதே. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், தாம் எழுதிய வாசகத்தைப் பெருமாள் வாயில் வைக்கலாம் என்றாகிவிட்டால், பேசுவது பெருமாள் அல்ல. பேச்சுப் போட்டவர்தான். வாக்கு என்று இந்த மரபு மதிப்பதைப் பொய்யாக உருவாக்குவது அது. இலவசக் கருவியானாலும் விலையுயர்ந்த கருவியானாலும் இந்த ஒன்றைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி, செய்த உருவத்தை என்ன செய்வது என்பது. இந்த வட்டாரத்தை நீண்ட நாளாக உறுத்திய கேள்வி இது. லட்சுமி வெடி என்ற பெயரே போதும். தாயாரின் படம் ஒட்டிய காகிதம் திரி பற்றியதும் கிழிந்து தெருவில் சிதறும், மறுநாள் குப்பையோடு போகும். தெய்வப் படங்களைப் பட்டாசில் அச்சிடக் கூடாது என்ற கோரிக்கை பலமுறை எழுந்திருக்கிறது. 2020இல் மத்தியப் பிரதேச அரசு அப்படிப்பட்ட பட்டாசு விற்பனைக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. தீப்பெட்டியில் இருந்த தெய்வம் மிதிபட்டது, வெடியில் இருந்த தெய்வம் எரிந்தது. தினசரி காலண்டரின் அமைப்பு இதற்கு மாறானது. நாள் தாள் மட்டும் கிழியும். மேலே அட்டையில் தெய்வம் ஆண்டு முழுவதும் கிழியாமல் இருக்கும். ஆண்டு முடிந்ததும் படத்தை வெட்டிச் சட்டம் போடுகிறார்கள், அல்லது அரச மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறார்கள். எங்கே விடுவது என்று தெரியாமல்தான் மரத்தடிக்கு வருகிறார்கள். மழையில் ஊறி வண்ணம் கரையும் அந்த அட்டைகளைக் குப்பை என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

நிலையில்லாத உருவத்துக்கு விடைகொடுக்கும் முறையும் பாகவதத்தின் அதே பகுதியில் இருக்கிறது. அசையாமல் நிறுவப்பட்ட உருவத்துக்கு ஒவ்வொரு பூசையிலும் அழைத்தலும் இல்லை, அனுப்புதலும் இல்லை. அசையும் உருவங்களுக்கு அவரவர் விருப்பம். தரையில் வரைந்து வழிபடும் உருவத்துக்கு இரண்டும் கட்டாயம்: வருக என்று ஆவாகனம், சென்று வருக என்று உத்வாசனம். களிமண் பிள்ளையார் கிணற்றுக்கும் குளத்துக்கும் போவதும், மஞ்சள் பிள்ளையார் கரைவதும் இந்த முறையில்தான். விடைகொடுத்த பிறகு எஞ்சுவது மண்ணும் மஞ்சளும். அதைக் கரைப்பதில் குற்றமில்லை. விடைகொடுக்காமல் வீசுவதில்தான் குறை.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த படம் 24 மணி நேரத்தில் தானே மறைகிறது. தரையில் வரைந்த உருவத்துக்கு இதைவிட நெருங்கிய உறவினர் இல்லை. குழுக்களில் வந்து குவியும் நூற்றுக்கணக்கான தெய்வப் படங்கள் அப்படி மறைவதில்லை. கைப்பேசியின் நினைவகத்தை நிரப்புகின்றன. அவற்றை நீக்கலாமா, பாவமாகுமா என்று தயங்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் தயக்கம் சிரிக்கத்தக்கதல்ல. அரச மரத்தடிக்கு அட்டையைத் தூக்கிச் சென்ற அதே மனம் அது. அவர்களுக்கான விடை மஞ்சள் பிள்ளையாரில் இருக்கிறது: கண்ணில் ஒற்றி, மனத்தில் வாங்கிக்கொண்டு, படத்தை நீக்கிவிடலாம். வழிபட எடுத்து வைத்த படத்தைச் சிதைக்காமல், வேறு படங்களோடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்ளலாம். அனுப்புகிறவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நாளுக்கு ஐம்பது பேருக்கு ஐம்பது படம் அனுப்புவது, ஐம்பது பேரையும் விடைகொடுக்கும் பொறுப்பில் நிறுத்துவது. ஏகாதசிக்கு ஒன்று, ஆடிப்பூரத்துக்கு ஒன்று என்று அந்தந்த நாளில் அனுப்பினால், பெறுகிறவர் அதை ஒரு முறையாவது நின்று பார்ப்பார்.